“இங்க எல்லாரும் நல்லாருக்கோம்”: நாடு விட்டுப் போன தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

படிக்கவோ வேலைக்கோ வேறு நாட்டுக்குப் போய் அங்கேயே காலூன்றிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் போகாதவள். அப்பா அம்மாவோடு இங்கேயே இருப்பவள். என் தம்பி உங்களில் ஒருவன். இதை முதலில் அவனுக்குப் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் வெளியே விடுகிறேன்.

ஏன் போனீர்கள் என்று கேட்க வரவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2024-இல் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 30.4 கோடிப் பேர். 1990-இல் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இத்தனை பேரும் பாசமில்லாமல் போனவர்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். பணம் அனுப்புகிறீர்கள். பிறந்தநாளை மறப்பதில்லை. ராத்திரி வேலை முடிந்து, கண் எரிய எரிய வீடியோவில் வந்து உட்காருகிறீர்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். நிலவரத்தை உள்ளபடி சொல்லுங்கள், எங்களிடமும் உள்ளபடி கேட்டு வாங்குங்கள். “இங்க எல்லாரும் நல்லாருக்கோம், நீ உன் உடம்பைப் பார்த்துக்கோ” என்று இந்தப் பக்கமும், “எனக்கென்னம்மா, ஜம்முனு இருக்கேன்” என்று அந்தப் பக்கமும் சொல்லிச் சொல்லியே, ஒரு குடும்பத்து ஆட்களுக்கு ஒருவர் பாடு இன்னொருவருக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு மாலைதான் தம்பி பேசும் நேரம். அம்மா நாற்காலியை வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். போனை இடது கையில் பிடித்துப் பார்த்தார், கை நடுங்கியது. தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைக்கச் சொன்னார். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது, அதன்மேல் ஒரு துண்டு. “முடி சரியா இருக்கா பாரு” என்று என்னிடம் கேட்டுவிட்டு, அழைப்பை எடுத்ததும் முகமெல்லாம் சிரிப்பாக “என்னப்பா, தூங்கினியா?” என்றார். பேசி முடிக்கும்வரை அந்தத் துண்டு இம்மி நகரவில்லை. தம்பிக்குத் தெரிந்தது கழுத்துக்கு மேலே இருந்த அம்மா மட்டும்தான். “பளிச்சுனு இருக்கியேம்மா” என்றான்.

அதே சமயத்தில் அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து அவனுக்கு வேலை போயிருந்தது. வேலை போனால் நாட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் விசாதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவில் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு வேலையோ வேறு வழியோ பார்த்தாக வேண்டும். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவன், அம்மா பார்க்கும்போது மட்டும் ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். “அம்மாகிட்ட சொல்லிடாதக்கா, பிரஷர் ஏறிடும்” என்றான் அவன். “அவன்கிட்ட சொல்லிடாத, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான்” என்றார் அம்மா. இரண்டு பேருடைய ரகசியமும் என் கையில்.

ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாகத்தான் இரண்டு பேரும் நினைத்தார்கள். நடந்தது என்ன? சம்பளம் வராத மாதங்களிலும் அவன் வழக்கமான பணத்தைக் கடன் அட்டையில் எடுத்து அனுப்பினான். இங்கே அந்தப் பணத்தை வைத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கத் திட்டம் போட்டார்கள். அவசரமே இல்லாத வேலை! உண்மை தெரிந்திருந்தால் அப்பா ஒரு பைசா வாங்கியிருக்க மாட்டார். அம்மாவின் கட்டு போட்ட சுவடு தெரியாமல் பிரித்தும் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட, தலை சீவ, பொத்தான் மாட்ட அவர் பட்ட சிரமம் எதுவும் பிள்ளைக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் பேச்சுவாக்கில் தெரிந்தபோது அவன் அழுததை என்னால் மறக்க முடியாது. “என்னை ஏன் வேத்து ஆளாக்கினீங்க?” என்று கேட்டான்.

முன்பெல்லாம் இப்படி மறைப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. போலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் ஊரில் இருந்த அவர்கள் குடும்பங்களுக்கும் இடையே ஓடிய கடிதங்களை, தாமஸ், ஸ்னானியெட்ஸ்கி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் திரட்டி ஆராய்ந்தார்கள். 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக அந்த ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலான கடிதங்களுக்கு ஒரே வார்ப்புதான். முதலில் கடவுளின் பெயரால் வணக்கம். நாங்கள் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறோம். அப்புறம் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் சார்பிலும் அங்குள்ள ஒவ்வொருவருக்கும் வணக்கம். எவ்வளவு தூரம் போனாலும் நாம் ஒரே குடும்பம் என்று காட்டுவதுதான் அந்த வணக்கங்களின் வேலை என்று அவர்கள் எழுதினார்கள். கடிதம் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சல் என்று எழுதினால், அது கையில் கிடைக்கும்போது ஒன்று காய்ச்சல் போயிருக்கும், இல்லையென்றால் ஆளே போயிருப்பார். தெரிந்துகொண்டும் செய்ய ஒன்றுமில்லாத செய்தியை எழுதி என்ன பயன்? அந்த ‘நலம்’ எனக்குப் புரிகிறது.

இப்போது நிலைமை அதுவா? ஸ்கைப் வந்தது 2003-இல், வாட்ஸ்அப் 2009-இல். டாக்டர் சீட்டு எழுதி முடிப்பதற்குள் அதன் படம் உங்கள் கைக்கு வந்துவிடும். கப்பல் காலத்து வாசகத்தை மட்டும் ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

மறைத்துவைத்தது எல்லாம் கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் வெடிக்கும். முதியோரைக் கவனிக்கும் மருத்துவர்களிடையே ‘கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்’ என்று ஒரு பேச்சு உண்டு. 1991-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே அது இடம்பெற்றது. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களும் மருத்துவர்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள், இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று. அப்போது தொலைவிலிருந்து ஒரு பிள்ளை வந்து இறங்கி, “இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? எல்லா வைத்தியமும் பண்ணுங்க” என்று கத்தும். குற்ற உணர்ச்சிதான் அப்படிப் பேச வைக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மகளுக்காக நான் பரிந்து பேசுவேன். வருஷக்கணக்காக “அப்பா நல்லாருக்கார்” என்ற ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். படுக்கையில் பாதியாகிக் கிடக்கும் அப்பாவை முதல் முறையாகப் பார்க்கிறாள். வேறு எப்படிப் பேசுவாள்? கூட இருந்தவர்களுக்கு அந்தச் சரிவு மாதக்கணக்கில் நடந்தது, அவளுக்கு ஒரே நாளில் நடந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கடைசியில் ஓடி வருவதைவிட நடுவில் கூட இருப்பது முக்கியம். அங்கே இருந்துகொண்டே எவ்வளவோ செய்யலாம். அப்பா அம்மாவின் மருந்துப் பட்டியலை நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, எதை நிறுத்தினார்கள் என்று ஒரே கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்த்த பிறகும் திருத்துங்கள். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுப்பது சர்வ சாதாரணம். அலைச்சலில் இருக்கும் எனக்கு அது கண்ணில் படாது, நிதானமாக உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்குப் படும். டாக்டர் அறையில் நான் இருக்கும்போது போனில் நீங்களும் இருங்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதுவது, பில்களைச் சேர்த்து அனுப்புவது, கரண்ட் பில் கட்டுவது, வீட்டு வரி கட்டுவது, இதற்கெல்லாம் ஊரில் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் கழுத்தை அறுக்கும். குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டிய நேரத்தில் ஓடிபி உங்கள் போனுக்கு வரும். அங்கே நடுராத்திரி, நீங்கள் தூக்கத்தில். அந்த எண்ணை இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள். உங்கள் பெயரில் இங்கே வீடோ நிலமோ இருந்தால் பவர் பத்திரம் எழுதித் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி வையுங்கள். தேவை வந்த பிறகு ஓடினால் நாள் கிடைக்காது.

அங்கிருந்து செய்ய முடியாததும் உண்டு. ராத்திரி எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது. ஆஸ்பத்திரி பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது. கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கோபப்படாமல் பதில் சொல்வது. இதை உங்கள் அண்ணனோ அக்காவோ, சில வீடுகளில் மருமகளோ செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் “உனக்கென்ன, நீ கூடவே இருக்கே” என்று மட்டும் சொல்லாதீர்கள். லீவில் வரும்போது விருந்தாளியாக வராதீர்கள். பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் ஓடிவிட்டு, கடைசி நாளில் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். வந்த மறுநாளே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொள்பவரை ஒரு வாரம் வெளியூர் அனுப்பி வையுங்கள். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் தெரிந்துகொள்வதைப் பல வருஷ வீடியோ பேச்சு சொல்லித் தராது. என் தம்பி இதைச் செய்தான். அப்பாவுக்கு ராத்திரியில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று அதற்குப் பிறகு நான் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பணம் அனுப்புவதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. குடும்பங்களுக்குப் பணம் அனுப்புவதற்கென்று ஜூன் 16-ஐச் சர்வதேச நாளாகவே வைத்திருக்கிறார்கள், அந்தப் பணத்தில் படித்தவர்களும் பிழைத்தவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: சிரமம் என்றால் இந்த மாதம் குறையும் என்று சொல்லிவிடுங்கள். அதைத் தாங்க முடியாத அளவுக்கு நாங்கள் பலவீனமானவர்கள் இல்லை.

அடுத்தது வாக்குறுதிகள். “இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் திரும்பி வந்துடுவேன்” என்பீர்கள். இல்லையென்றால் “உங்க ரெண்டு பேரையும் இங்கேயே கூட்டிக்கறேன்” என்பீர்கள். சொல்லும்போது மனசாரத்தான் சொல்கிறீர்கள். ஆனால் பெற்றவர்கள் அதை நம்பி வீட்டை விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிரிட்டன் 2012-இல் விதியை இறுக்கிவிட்டது. அன்றாடத் தேவைகளுக்கே நீண்டகாலம் இன்னொருவர் உதவி வேண்டும், அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது அல்லது கட்டுப்படியாகாது என்று நிரூபித்தால்தான் வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியும். கனடாவில் குலுக்கல் முறையில் பெயர் வந்தவர்கள்தான் விண்ணப்பிக்கவே முடிந்தது. மாற்றாக அங்கே சூப்பர் விசா இருக்கிறது, 2022 முதல் ஒரு முறை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். அது விருந்தினர் விசாதான், நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடையாது. ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்காக 2020-இல் எல்லையை மூடியபோது, அங்கே குடியேறிய பிள்ளைகளின் பெற்றோர் ‘நெருங்கிய குடும்பம்’ என்ற பட்டியலிலேயே இல்லை. 2021 நவம்பரில்தான் சேர்த்தார்கள். பெற்ற தாய் நெருங்கிய குடும்பம் இல்லையா என்று அந்த மாதங்களில் எத்தனை பேர் கதறியிருப்பார்கள்!

இந்தச் சட்டங்கள் மாற வேண்டும் என்று நீங்கள் அங்கே குரல் கொடுக்க வேண்டும், அது வேறு. அதுவரைக்கும் அம்மா அப்பாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். “கூட்டிக்க முடியுமான்னு தெரியலம்மா, வருஷத்துக்கு ஒரு தடவை நான் வரப் பார்க்கிறேன்” என்று சொன்னால் ஒரு நாள் அழுவார்கள். மறுநாளிலிருந்து இங்கே எப்படி வாழ்வது என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். நீங்களும் பெரிய தவிப்பிலிருந்து விடுபடுவீர்கள்.

பேரக்குழந்தைகள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிவுரையில், ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைத் திரையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு விலக்கு கொடுத்தது: வீடியோவில் உறவினரோடு பேசுவது. தாத்தா பாட்டிக்கு அது போதும். ஆனால் குழந்தையைப் பிடித்துத் திரை முன் நிறுத்தி “தாத்தாவுக்கு ஹாய் சொல்லு” என்பதோடு விட்டுவிடாதீர்கள். பாவம், ‘ஹாய்’க்கு அப்புறம் அதற்கும் பேச ஒன்றும் இல்லை, அவருக்கும் இல்லை. ஒரே படப்புத்தகத்தில் ஒரு பிரதி அங்கேயும் ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும். தாத்தா பக்கம் புரட்டினால் பேத்தியும் புரட்டட்டும். இல்லையென்றால் குழந்தை விளையாடும் இடத்தில் போனை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேசிக்கொண்டே இருந்தால்தான் உறவு என்பதில்லை, ஒரு அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் உறவுதான்.

பெற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பிள்ளை கவலைப்படுவானே என்று மறைக்கிறீர்கள். அவன் கவலைப்படட்டும், அது அவன் உரிமை. உங்கள் நோயை உங்கள் வாயால் கேட்டால் அவன் தாங்கிக்கொள்வான். மூன்றாம் மனிதர் வழியாகத் தெரிந்தால் அன்றிலிருந்து நீங்கள் “நல்லாருக்கேன்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் சந்தேகப்படுவான். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அம்மா உண்மையிலேயே நன்றாக இருக்கும் நாளிலும் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறான்.

மறைத்துப் பழகிய குடும்பம் திருடனுக்கு வசதி. பிள்ளையின் குரலையே கணினியில் போலியாகச் செய்து, “விபத்தில் மாட்டிக்கிட்டேன், உடனே பணம் அனுப்புங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று பெரியவர்களை ஏமாற்றுகிறார்கள். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பது உங்கள் வீட்டில் வழக்கமாகக் கேட்கும் வாசகம் என்றால் அம்மாவுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி பதிலை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, தங்களிடம் உள்ள எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். நீங்கள் வந்து சேர முடியாமல் போகலாம். பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருக்கலாம், நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தால் அந்த நாட்டை விட்டு வெளியேற முடியாமல் இருக்கலாம், டிக்கெட் கிடைக்காமல் போகலாம். கொரோனா வருஷங்களில் எத்தனை பிள்ளைகள் பெற்றவரின் இறுதிச் சடங்கைப் போன் திரையில் பார்த்தார்கள்! அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வது என்று அவர்கள் திடமாக இருக்கும்போதே கேளுங்கள். மூச்சுக் குழாய் வைப்பதா வேண்டாமா, யார் முடிவெடுப்பது, உங்களுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். எங்கள் அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. “நீ வர்ற வரைக்கும் என்னை ஐஸ் பெட்டில வச்சிருக்க வேணாம். நான் நல்லா இருக்கும்போது ஒரு மாசம் வந்து இரு, அது போதும்” என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அவன் அந்த வருஷமே வந்து இருந்தான்.

இந்த வாரத்திலிருந்து இதை மட்டும் ஆரம்பியுங்கள். அப்பா அம்மாவோடு பேசுவது ஒருபுறம் இருக்கட்டும். கூட இருக்கும் அண்ணன், அக்காவோடு மாதத்தில் ஒரு முறை தனியாகப் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து, பணம், வீட்டு ரிப்பேர், உங்கள் வேலை, உங்கள் விசா, எல்லாம் அதில் பேச வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல இடங்களில் மார்ச்சில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அப்போது நேரத்தைத் திருத்திச் சொல்லிவிடுங்கள், நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். “எப்படி இருக்கீங்க?” என்று தொடங்காதீர்கள். போன தடவை டாக்டர் என்ன சொன்னார், சர்க்கரை அளவு எத்தனை, மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாயிற்றா, நீ கடைசியாக எப்போது ராத்திரி முழுக்கத் தூங்கினாய் என்று கேளுங்கள். நாங்களும் பதிலுக்கு உங்கள் வீட்டு வாடகையையும், வேலை நிலைக்குமா என்பதையும் கேட்போம். மழுப்பாமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
கூடவே இருக்கும் ஓர் அக்கா